மைனா கொத்தும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு நடுவே பிள்ளைகள் ஓடியாட ஒரு புல்தரை இருக்கிறது. ஓர் ஆகஸ்ட் மாதம் அதில் அங்கங்கே பழுப்புத் திட்டுகள் விழ ஆரம்பித்தன. காலையில் போய்ப் பார்த்தால் அந்தத் திட்டுகளில்தான் ஏழெட்டு மைனாக்கள் நின்றுகொண்டு, அலகைச் செருகிச் செருகிக் கிளறிக்கொண்டிருக்கும். "மைனாதான் புல்லைப் பிடுங்குது, வலை கட்டிடலாம்" என்று சங்கத்தில் பேச்சு வந்தது. தோட்ட வேலைக்கு வரும் அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மண்வெட்டியால் ஒரு சதுர அடி அளவுக்குக் கோடு போட்டு வெட்டி, பாயைச் சுருட்டுகிற மாதிரி புல்லை உரித்துக் காட்டினார். அவ்வளவு லேசாக உரிந்து வந்தது, ஏனென்றால் அடியில் வேரே இல்லை. மண்ணுக்குள் பிறை நிலா மாதிரி வளைந்து கிடந்தன புழுக்கள். வெள்ளை உடம்பு, செங்காவி நிறத் தலை, தின்ற மண் தோலுக்குள்ளே கருப்பாகத் தெரியும் பின்பக்கம். எண்ணினோம், 11 இருந்தது.

"இதைத் தின்னத்தான் சார் மைனா வருது. அதை விரட்டிட்டா இதை யாரு பொறுக்குவா?" என்றார்.

நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. புல்லைத் தின்னும் உயிர் ஒன்று இருந்தால், அதைத் தின்ன இன்னோர் உயிர் இருக்கும். அந்த இரண்டாவது உயிரை விரட்டாமல், கொல்லாமல், அது வாழ இடம் கொடுத்து அதனிடம் வேலை வாங்குவதற்கு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர். நெல், பருத்தி, தென்னை என்று பயிர்களை வைத்து இதை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் கோல்ஃப் மைதானத்தை வைத்துச் சொல்கிறேன். பூச்சிமருந்து இல்லாமல் ஆகவே ஆகாது என்று பலரும் நினைக்கும் இடம் அது. அங்கேயே நடக்கும் என்றால் நம் குடியிருப்புப் புல்தரையில் தாராளமாக நடக்கும்.

சென்னைக்காரர்களுக்கு கோல்ஃப் மைதானம் என்றால் நந்தனம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஊருக்கு நடுவில் இவ்வளவு பச்சையா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம். உலகின் வெப்பப் பகுதிகளில் கோல்ஃப் மைதானங்களுக்குப் போடும் பெர்முடா புல் வேறு ஒன்றுமில்லை, நம் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டும் அதே புல். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம்தான் கோல்ஃபுக்கும் வேண்டியிருக்கிறது. மேலே எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் கீழே படர்ந்து தழைக்கும் புல் வேறு கிடைப்பது கஷ்டம்.

மைதானம் முழுக்க ஒரே மாதிரி புல் இருக்காது. பந்தை உருட்டிக் குழியில் போடும் இடத்துக்கு கிரீன் என்று பெயர். அங்கே புல்லை சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவார்கள், கம்பளம் மாதிரி இருக்கும். பந்தை அடித்துக் கொண்டுபோகும் நீளமான வழி ஃபேர்வே. அங்கே புல் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு பக்கமும் வளரவிட்டிருக்கும் உயரமான புல் ரஃப். 18 குழி மைதானம் ஒன்று 100 முதல் 150 ஏக்கர் வரை பிடிக்கும். அதில் கிரீன்கள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தாலும் சுமார் 3 ஏக்கர்தான் வரும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புழுகூட இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்க நியாயம் இருக்கும் இடம் அந்த 3 ஏக்கர் மட்டும்தான். மற்ற இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அந்த விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நமக்கு வேலை செய்யும் உயிர்கள் குடியிருக்கும்.

சரி, எதிரி யார் யார்? நாங்கள் தோண்டிப் பார்த்த வேர்ப்புழு முதல் ஆள். கோடை மழை பெய்து மண் நனைந்ததும் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும். ராத்திரியில் வேப்பமரத்திலும் முருங்கையிலும் மொய்த்துத் தழையைத் தின்றுவிட்டு, மண்ணுக்குள் போய் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுதான் மாதக்கணக்கில் வேரைக் கடிக்கிறது. அடுத்தது பிள்ளைப்பூச்சி. 'பிள்ளைப்பூச்சிக்கும் கொடுக்கு முளைச்சுதாம்' என்று சாதுவுக்கு உதாரணமாக அதைச் சொல்வோம். புல்தரைக்காரரிடம் கேட்டால் அது சாது இல்லை என்பார். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும், ராத்திரி முழுக்கச் சுரங்கம் தோண்டும், காலையில் கிரீன் மேல் விரல் தடிமனுக்கு மண் மேடு ஓடியிருக்கும். அப்புறம் அந்துப்பூச்சியின் புழுக்களான படைப்புழு, வெட்டுப்புழு. எலி, பெருச்சாளி. குட்டைகளில் கொசு.

இவற்றுக்கு எதிராக இயற்கை வைத்திருக்கும் ஆட்களை மூன்று விதமாகப் பிரிக்கலாம். பிடித்துத் தின்பவை ஒரு விதம். மைனா, கொக்கு, தவளை, தேரை, ஓணான், சிலந்தி, தும்பி, பொறிவண்டு, ஏன் எறும்புகூட இந்தக் கணக்கில் வரும். எதிரியின் உடம்பிலோ முட்டையிலோ தன் முட்டையை வைத்து, உள்ளிருந்தே தின்று தீர்க்கும் ஒட்டுண்ணிகள் இன்னொரு விதம். இவற்றில் பெரும்பாலானவை குளவிகள், சில ஈக்கள். மூன்றாவது விதம் நோய் தருபவை. பூச்சிக்கு மட்டும் நோய் கொடுக்கும் பூஞ்சை, பாக்டீரியா, நூற்புழு.

இந்த ஆட்கள் வேலை செய்வதை நேரில் பார்க்கவேண்டும் என்றால் புல் வெட்டும் இயந்திரத்தின் பின்னால் நடக்கவேண்டும். கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் இருக்கும் நண்பர் ஒருவரோடு ஒரு விடிகாலை அப்படி நடந்தேன். இயந்திரம் ஃபேர்வேயில் இறங்கி இரண்டு சுற்று போவதற்குள் பத்துப் பன்னிரண்டு உண்ணிக்கொக்குகள் எங்கிருந்தோ வந்துவிட்டன. மாட்டின் பின்னால் போகிற மாதிரியே இயந்திரத்தின் பின்னாலும் போகின்றன, மூன்று நான்கு அடி தள்ளி, அதே வேகத்தில். உடம்பு அசையாமல் நிற்க, கழுத்து மட்டும் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. பிறகு ஒரே குத்து. அலகில் ஒரு பச்சைப் புழு துடிக்கிறது, தலையை ஒருமுறை உதறியதும் தொண்டைக்குள் போய்விடுகிறது. கிரீனில் நட்டிருந்த கொடிக்கம்பின் உச்சியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. பறந்து போகும் அந்துப்பூச்சியைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு மறுபடி அதே கம்புக்குத் திரும்பும். நான் நின்ற நேரத்தில் ஆறு முறை போய் வந்தது. "அண்ணே, கொடிக்கம்பு இல்லாத பக்கம் பாருங்க, இது வராது. உக்கார இடம் வேணும் இதுக்கு" என்றார் நண்பர். நெல் வயலில் ஆங்கிலப் பெரிய எழுத்து டி போலக் குச்சி நட்டு வைப்பதும் இதற்காகத்தான். அதைப் பறவைத் தாங்கி என்பார்கள்.

அந்துப்பூச்சி ஒன்று போனால் அதோடு அது இடவிருந்த நூற்றுக்கணக்கான முட்டைகளும் போகின்றன. கரிச்சான் ஒரு பூச்சியைப் பிடிப்பதை அப்படித்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

மருந்து அடித்தால் என்ன ஆகிறது

இந்த இடத்தைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புழு பெருகியதும் அதைத் தின்னும் உயிர் அதே வேகத்தில் பெருகிவிடாது. முதலில் சாப்பாடு பெருகவேண்டும், அப்புறம்தான் சாப்பிட ஆள் வரும், வந்து தங்கும், குஞ்சு பொரிக்கும். ஆகவே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். புழு ஏறுமுகமாக இருக்கும் அந்தச் சில வாரங்களில் பார்ப்பவருக்கு, இயற்கை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தோன்றும். அப்போதுதான் கை மருந்துக்குப் போகும்.

மருந்து அடித்தால் புழு சாகும். கூடவே மண்ணில் ஓடும் கருவண்டு, சிலந்தி, எறும்பு, குளவி எல்லாம் சாகும். ஒரு வாரத்துக்குப் புல்தரை சுத்தமாக இருக்கும். அதன்பின் எது முதலில் திரும்பி வரும் என்று யோசியுங்கள். புல் அங்கேயே இருக்கிறது, ஆகவே பக்கத்திலிருந்து ஓர் அந்துப்பூச்சி பறந்து வந்தால் போதும், அதற்கு விருந்து தயார். அதைத் தின்னவேண்டிய வண்டுக்கோ சாப்பிட இன்னும் ஒன்றும் இல்லை. அது வந்தாலும் பட்டினிதான். இப்படி எதிரி முதலில் வந்து, காவல் இல்லாத ஊரில் முன்பைவிட அதிகமாகப் பெருகுகிறது. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி பெருகிய கதை இதுதான். 1970-களில் ஆசியா முழுக்க மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடிக்கொண்டே போனது. வயலில் அதைத் தின்றுகொண்டிருந்த சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் செத்துப்போனதுதான் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. புல்தரையிலும் அதே கணக்குதான். வெட்டுப்புழுவின் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போவதில் சின்ன எறும்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எறும்பு மண் தள்ளுகிறதே என்று மருந்து போட்டால், அடுத்த தலைமுறை வெட்டுப்புழுவுக்கு நாமே வழிவிடுகிறோம்.

பறவைகளுக்கு நடந்ததைச் சொன்னால் வயிறு எரியும். அமெரிக்காவில் டயசினான் என்ற மருந்தை கோல்ஃப் மைதானங்களில் தாராளமாக அடித்தார்கள். 1984-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மைதானத்தில் மருந்து அடித்த புல்லை மேய்ந்த சுமார் 700 காட்டுவாத்துகள் செத்து விழுந்தன. அதன்பின் அந்த நாட்டு அரசு கோல்ஃப் மைதானங்களில் டயசினானைத் தடை செய்தது. நம் நாட்டிலும் வேர்ப்புழுவுக்கு என்று மண்ணில் தூவிய ஃபோரேட் குருணையை 2020-இன் இறுதியோடு தடை செய்துவிட்டார்கள். குருணை மருந்தைத் தானியம் என்று நினைத்துப் பறவை கொத்தும், அல்லது அதைத் தின்ற புழுவைக் கொத்தும். இரண்டிலும் முடிவு ஒன்றுதான்.

கூகைக்கு ஒரு வீடு

எலி விஷயத்துக்கு வருவோம். கிரீனில் எலி வளை தோண்டினால் ஆட்டமே நின்றுவிடும். எலியைப் பிடிக்கக் கூகையைப் போல ஒரு காவல் கிடையாது. இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட அந்தப் பெரிய ஆந்தையைத்தான் சாக்குருவி என்று சொல்லி நம் ஊரில் கல்லெறிகிறார்கள். அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்ற பயம். அது கத்துவது துணையைக் கூப்பிட, குஞ்சு கத்துவது பசியில். பாவம், இதற்குப் போய் அடிபடுகிறது.

கூகையின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அதனால் ஒரு சத்தம் இரண்டு காதுக்கும் மிக நுண்ணிய வித்தியாசத்தோடு போய்ச் சேரும். அதை வைத்தே, கும்மிருட்டில், புல்லுக்கடியில் எலி எந்த இடத்தில் சரசரக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். இறகின் ஓரம் மெல்லிய சீப்பு மாதிரி இருப்பதால் பறக்கும்போது சத்தமே வராது. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கட்டைவிரல் அளவு உருண்டையாகக் கக்கும். பழைய கட்டிடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே கிடந்த அப்படி ஓர் உருண்டையை எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தேன். மூன்று மண்டை ஓடுகள் இருந்தன. இரண்டு எலி, ஒன்று மூஞ்சூறு. எலியின் முன்பற்கள் காவிநிறத்தில் அப்படியே பளபளத்தன.

கூகை கூடு கட்டாது. பொந்து, கோபுர இடுக்கு, பாழடைந்த மாடி என்று கிடைத்த இடத்தில் குடியேறும். நகரம் அந்த இடங்களை எல்லாம் பூசி மூடிவிட்டது. ஆகவே மரப்பெட்டி அடித்து, 4 மீட்டர் உயரத்துக்கு மேல் மரத்திலோ கம்பத்திலோ மாட்டி வைத்தால் வந்து தங்க வாய்ப்பு உண்டு. வாசல் 15 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் போதும், மழைச்சாரல் அடிக்காத திசையைப் பார்த்திருக்கவேண்டும். பெரிய சாலைக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது, தாழப் பறந்து வண்டியில் அடிபடும். இஸ்ரேலில் 1980-களிலிருந்து வயல்களில் இப்படிப் பெட்டி மாட்டி எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இது பழைய பழக்கம்.

ஆனால் ஒன்று. பெட்டியையும் மாட்டிவிட்டு எலிமருந்தையும் வைத்தால் கூகையைக் கூப்பிட்டு விஷம் வைத்ததாகத்தான் அர்த்தம். கடையில் கேக் மாதிரி விற்கும் புரோமாடியோலோன் வகை மருந்து ரத்தத்தை உறையவிடாது. அதைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாட்கள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலியைத்தான் கூகை சுலபமாகப் பிடிக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இன்னொரு எல்லையையும் சொல்லிவிடவேண்டும். ஒரு கிலோ வரை எடை வரும் முழு வளர்ச்சி அடைந்த பெருச்சாளியைக் கூகையால் தூக்க முடியாது. அதற்குப் பொறி வைத்துப் பிடிப்பதும் சாப்பாட்டுக் கழிவைத் திறந்து போடாமல் இருப்பதும்தான் வழி. கீரியும் சாரைப்பாம்பும் இருக்கும் மைதானத்தில் பெருச்சாளிக் குட்டிகள் அவ்வளவாகத் தப்பாது. சாரையைப் பார்த்ததும் அடித்துவிடாதீர்கள், அதற்கு விஷம் கிடையாது.

மண்ணுக்குள் நடக்கும் வேலை

பறவை கொத்துவது கண்ணுக்குத் தெரியும். இதைவிடப் பெரிய வேலை மண்ணுக்குள் நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒரு நூற்புழு. நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெயர் ஹெட்டிரோராப்டிட்டிஸ் இண்டிகா. கோயம்புத்தூர் மண்ணிலிருந்து எடுத்து 1992-இல் உலகத்துக்குப் புதிய இனம் என்று அறிவித்தார்கள், நம் ஊர்ப் பிள்ளை. ஈர மண்ணில் நீந்திப் போய் வேர்ப்புழுவைத் தேடும். வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உள்ளே நுழையும். தன் குடலில் சுமந்துவந்த ஒரு பாக்டீரியாவை அங்கே வெளியே விடும். இரண்டு நாளில் வேர்ப்புழு காலி. செத்த புழு செங்கல் நிறத்துக்கு மாறும். அந்தப் பாக்டீரியாவுக்கு மெல்ல ஒளிரும் தன்மை உண்டு, இருட்டறையில் கண் பழகியபின் பார்த்தால் செத்த புழு மங்கலாக மினுங்கும். அதற்குள்ளேயே நூற்புழு பல்லாயிரமாகப் பெருகி, அடுத்த இரையைத் தேடி வெளியே வரும். மனிதருக்கும் ஆடு மாடுக்கும் மண்புழுவுக்கும் இதனால் ஒரு கெடுதலும் இல்லை.

வெயில் பட்டால் செத்துப்போகும் என்பதுதான் இதன் பலவீனம். சென்னை வெயிலில் பகல் 11 மணிக்கு ஊற்றினால் காசு வீண். சாயங்காலம் மண்ணை நனைத்துவிட்டு, தண்ணீரில் கலந்து ஊற்றி, மறுபடியும் தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கவேண்டும். அதன்பின் பத்து நாளாவது மண் காயக் கூடாது. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சைக்கும் இதே பக்குவம்தான். இரண்டையும் புழு சின்னதாக இருக்கும்போது போட்டால் பலன் அதிகம்.

பிள்ளைப்பூச்சிக்கு எதிராக கோல்ஃப் மைதானங்களே நேரடியாகப் பயன்பெற்ற கதை ஃபுளோரிடாவில் நடந்தது. அங்கே பிள்ளைப்பூச்சி வெளிநாட்டிலிருந்து, 1900-ஐ ஒட்டித் தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. இயற்கை எதிரி யாரும் கூட வரவில்லை, அதனால் புல்தரைகளை நாசம் செய்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ஆட்கள் அதன் சொந்த ஊருக்கே போய் மூன்று எதிரிகளைக் கொண்டுவந்தார்கள். உருகுவேயிலிருந்து ஒரு நூற்புழு, பிள்ளைப்பூச்சியின் ரீங்காரத்தைக் கேட்டே அதைத் தேடிவரும் ஓர் ஈ, லாரா என்ற குளவி. இந்தக் குளவி பிள்ளைப்பூச்சியை மண்ணிலிருந்து வெளியே விரட்டி, கொட்டி, சில நிமிடம் மயக்கத்தில் போட்டு, உடம்பின் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். மயக்கம் தெளிந்து பிள்ளைப்பூச்சி மறுபடி மண்ணுக்குள் போகும், தன் முடிவைத் தானே சுமந்துகொண்டு. குளவிக்கு இது பிள்ளைகளுக்கான சாப்பாடு. வளர்ந்த குளவிக்கோ தேன் வேண்டும். நம் ஊர் நத்தைச்சூரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு வெள்ளைப்பூச் செடியை மைதான ஓரங்களில் வளர்த்தபோது குளவிகள் தங்கின. எனக்கு இதில் புரிந்தது, களை என்று பிடுங்கி எறிவதில் பாதி இவர்களுடைய சாப்பாட்டுக் கடை. ரஃபின் ஓரத்தில், யாரும் பந்தைத் தேடிப் போகாத இடத்தில், நத்தைச்சூரியும் துளசியும் தும்பையும் பூத்துவிட்டுப் போகட்டுமே.

எல்லாவற்றையும் கொண்டுவந்து விடலாமா

கூடாது. வெளியிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுவருவது படித்தவர்கள், பல ஆண்டுகள் சோதித்து, அரசு அனுமதியோடு செய்யவேண்டிய வேலை. சரியாகச் செய்தால் பலன் பிரமாதம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளை பூசிக் கெடுத்தது நினைவிருக்கும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, சோதித்து, வளர்த்து விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. அந்தக் குளவி அந்த மாவுப்பூச்சியைத் தவிர வேறு எதையும் நாடிப் போகாது, அதுதான் வெற்றியின் ரகசியம்.

தேர்வு தவறினால் நிலைமை தலைகீழ். இந்தியாவிலிருந்து 1872-இல் ஜமைக்காவுக்கும், அங்கிருந்து 1883-இல் ஹவாய்க்கும் கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்கக் கீரி போனது. எலி ராத்திரியில் திரியும், கீரி பகலில் திரியும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே குறைவு. கீரி தரையில் முட்டையிடும் பறவைகளைத் தின்று தீர்த்தது. 1935-இல் ஆஸ்திரேலியக் கரும்புக்குக் கொண்டுபோன பெருந்தேரை, கரும்பின் உச்சியில் இருந்த வண்டை எட்டிப் பிடிக்க முடியாமல் மற்றதை எல்லாம் தின்று நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. இதில் சென்னைக்கும் ஒரு கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நந்தனத்துக்குப் பக்கத்திலேயே சைதாப்பேட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சிவப்புச் சாயப்பூச்சி வளர்ப்பதற்காகக் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வந்திறங்கிய பூச்சி சாயத்துக்குச் சரிப்படாத வேறு இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை, அது பரவிய இடங்களில் கள்ளி ஒழிந்தது. அதைப் பார்த்துத்தான் களையை ஒழிக்கவும் பூச்சியைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமே வந்தது. பின்னால் 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த இன்னோர் இனச் சாயப்பூச்சிதான் தமிழ்நாட்டுச் சப்பாத்திக்கள்ளியை அடக்கியது.

குட்டையில் விடும் மீனிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கொசுவுக்கு என்று கம்பூசியாவை விடுவது பழகிப்போன வழக்கம். அது உள்ளூர் மீன் குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் சேர்த்துத் தின்னும் வெளிநாட்டு மீன். கோல்ஃப் குட்டையில் நீர்ச்செடியை ஓரமாக வளரவிட்டு, தலையில் வெள்ளிப் புள்ளி மினுங்கும் நம் ஊர்ச் சிறு மீன்களும் தும்பியின் இளம்புழுக்களும் இருந்தாலே போதும். டெங்கு கொசு குட்டையை விடவும், தண்ணீர்க் குழாய் வால்வு மூடியின் பள்ளத்திலும் மழை நின்ற தேநீர்க் கோப்பையிலும்தான் முட்டையிடும். அதைக் கவிழ்க்க மீன் வராது, நாம்தான் போகவேண்டும்.

உங்கள் புல்தரையில் தொடங்க

முதல் வேலை எண்ணுவது. பழுப்பு விழுந்த இடத்தின் ஓரத்தில் ஒரு சதுர அடி வெட்டிப் பாருங்கள். 5 புழுவுக்குக் கீழே இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யவேண்டாம். மைனாவையும் கொக்கையும் விரட்டாமல் இருந்தால் போதும். பத்துக்கு மேல் போனால் நூற்புழுவோ பூஞ்சையோ வாங்கிப் போடலாம். எங்கள் 11-க்கு அப்படித்தான் செய்தோம், இரண்டு சாயங்கால வேலை. புல் பழைய நிலைக்கு வர வடகிழக்குப் பருவமழை வரை பொறுத்திருக்கவேண்டியிருந்தது, சங்கத்தில் முணுமுணுப்பும் இருந்தது. வலை கட்டும் பேச்சு மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.

வெட்டிய புல்லை எங்கே கொட்டுகிறீர்கள் என்றும் பாருங்கள். வெட்டுப்புழுவின் அந்துப்பூச்சி புல்லின் நுனியில்தான் அதிகம் முட்டையிடும். ஒட்ட வெட்டும் தரையில் வெட்டிய நுனிகளை அள்ளித் தூரமாகக் கொட்டினால் முட்டைகளும் கூடவே போய்விடும். அங்கேயே ஓரத்தில் குவித்து வைத்தால் பொரித்து நடந்தே திரும்பி வரும். ராத்திரி முழுக்க எரியும் வெள்ளை விளக்குகளைக் குறையுங்கள், வண்டும் அந்துப்பூச்சியும் அதைப் பார்த்துத்தான் உங்கள் தரையைத் தேடி வருகின்றன. தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தால் நான்கு பக்கமும் குச்சி நட்டு, புல்வெட்டியை அந்த இடத்தைச் சுற்றி ஓட்டச் சொல்லுங்கள். சுமார் நான்கு வாரத்தில் குஞ்சு பொரித்து நடந்துவிடும்.

புழு மேலேயே தெரியவில்லை, ஆனால் புல் காய்கிறது என்றால் சோப்புத் தண்ணீர் வித்தையைச் செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 4 லிட்டர். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் சாயங்காலம் மெதுவாக ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்திலேயே உட்காருங்கள். படைப்புழுவோ வெட்டுப்புழுவோ பிள்ளைப்பூச்சியோ இருந்தால் மூச்சு முட்டி மேலே வந்துவிடும். வேர்ப்புழு இதற்கு வராது, அதைத் தோண்டித்தான் பார்க்கவேண்டும். எண்ணி முடித்ததும் அந்த இடத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் வெயிலில் சோப்பு பட்ட இடம் கருகி, அதற்கும் ஒரு பூச்சியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.